கடைசிப் படியும் இணையத்துக்கு வந்தால்தான் அலைச்சல் குறையும்

நகர நெரிசல் என்றதும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சரக்கு வண்டிகள் பற்றித்தான் பேசுவோம். ஒரு சான்றிதழுக்காக, உரிமத்துக்காக, வரி ரசீதுக்காக அரசு அலுவலகம் போய் வருகிறவர்கள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஒரு ஆள் ஆண்டுக்குச் சில தடவைதான் போகிறார், அது என்ன பெரிய கணக்கா என்று தோன்றும். அந்த நடைகளையே பிழைப்பாகச் செய்துவந்தவன் நான். அது பெரிய கணக்குதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வெளிவேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களின் வரி, தொழில் உரிமம், வாகனப் பதிவு, சொத்து ஆவணம் என்று எதற்கெல்லாம் ஒரு கவுண்டர் முன்னால் நிற்க வேண்டுமோ அதற்கெல்லாம் நிற்கிற ஆள். முன்பெல்லாம் காலையில் கோப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தால் பொழுது சாயும்வரை தெருவில்தான். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதி மேசையில் உட்கார்ந்தபடியே முடிகிறது. இந்த மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால், இணையச் சேவைகள் வந்த பிறகு சாலையில் எது குறைந்தது, எது குறையவில்லை, எது புதிதாக வந்து சேர்ந்தது என்று எழுதலாம் என நினைத்தேன். ஒரு நடையை எப்படித் தவிர்ப்பது என்று வேலையில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் இந்த நடை ஏன் மற்ற பயணங்களைவிடச் சாலைக்குப் பாரம் என்று பார்க்கலாம். கவுண்டர் திறக்கும் நேரமும் ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். முன்னால் இருக்கிற டோக்கன் கிடைத்தால் பாதி நாள் மிச்சமாகும் என்பதால் எல்லோரும் அதற்கும் முன்பே வந்துவிடுவார்கள். மதியம் கூட்டம் குறைவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் "இன்னைக்கு முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மதியம் யாரும் வரமாட்டார்கள். ஆக, அவசியமே இல்லாமல் ஒரு கூட்டம் தினமும் உச்ச நேரத்தில் சாலையில் இறங்குகிறது.

அடுத்தது இடம். அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் நகரத்தின் பழைய மையத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். அங்கே தெருக்கள் குறுகல், வண்டி நிறுத்த இடம் இருக்காது. அந்த வட்டாரத்தில் ஓடுகிற வண்டிகளில் பல, எங்கேயும் போய்ச் சேராமல் இடம் தேடிச் சுற்றுகிறவைதான். இது என் கண்ணுக்குத் தோன்றியது மட்டும் இல்லை. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நெரிசலான நகர மையங்களில் 1927 முதல் 2001 வரை நடந்த 16 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். சராசரியாக 30 சதவீத வண்டிகள் நிறுத்துமிடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தவை என்றும், ஓர் இடம் கிடைக்கச் சுமார் 8 நிமிடம் ஆனது என்றும் அவற்றில் தெரிந்தது. கவுண்டரில் இரண்டு நிமிட வேலைக்காக வருகிற ஒருவர் அந்தத் தெருவைப் பல தடவை சுற்றுகிறார், இல்லையென்றால் ஓரமாக வண்டியைப் போட்டு ஒரு தடத்தையே அடைக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை, ஒரு நடையில் வேலை முடியாது என்பது. ஒரு தாள் குறையும், ஒரு கையெழுத்து குறையும், அதிகாரி கூட்டத்துக்குப் போயிருப்பார். ஒரு விண்ணப்பம் ஒரு பயணம் என்று திட்டம் போடுகிறவர்கள் கணக்கிட்டால் அது உண்மைக்குப் பக்கத்தில்கூட வராது. வயதானவர் என்றால் கூட இன்னொருவரும் விடுப்பு போட்டு வர வேண்டும். அப்புறம், வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தபோது நான் கண்டது இன்னொன்று உண்டு: அவர்களில் கணிசமானோர் விண்ணப்பிக்கவே வரவில்லை. என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க வந்தவர்கள், கொடுத்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். ஒரு தகவலுக்காக நகரத்தைக் குறுக்காகக் கடந்து வந்திருப்பார்கள்.

சரி, இணையம் வந்தது. நடை குறைந்ததா?

தொடக்கத்தில் குறையவில்லை, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முதலில் இணையத்துக்கு வந்தது படிவம் மட்டும். அதைக் கணினியில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நகல்களை இணைத்து, அசலோடு நேரில் போக வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. வீட்டில் கணினி இல்லாதவர் படிவம் நிரப்ப ஒரு கணினி மையத்துக்குப் போவார். புகைப்படம் சரியான அளவில் ஏறவில்லை என்று அங்கிருந்து ஸ்டுடியோவுக்குப் போவார். எல்லாம் முடிந்து கவுண்டருக்குப் போனால், "சர்வர் வேலை செய்யலை" என்பார்கள்.

ஒரு சிறு வியாபாரியின் தொழில் உரிமத்துக்காக நான் அலைந்தது நன்றாக நினைவிருக்கிறது. விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான், கட்டணமும் இணையத்தில்தான். ஆனால் சரிபார்ப்புக்கு அசலைக் காட்ட வரச் சொன்னார்கள். போனபோது அதிகாரியின் திரையில் நாங்கள் ஏற்றிய கோப்புகள் திறக்கவில்லை, அதனால் தாளில் ஒரு தொகுப்பு கேட்டார்கள். கடைசியில் உரிமம் தயாரானதும், அதை அச்சிட்டு முத்திரை வைத்துத் தருவதற்கு இன்னொரு நாள். தாள் காலத்தில் ஆனதைவிட இப்போது நடை கூடுதலாகவே ஆனது. அந்த வியாபாரி கடையைப் பூட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வந்தார். இதை எந்தப் புள்ளிவிவரமும் "நேரில் வந்த வேலை" என்று சேர்த்திருக்காது. கணக்குப் புத்தகத்தில் அது முழுக்க முழுக்க இணைய விண்ணப்பம்.

போக்குவரத்து ஆய்வாளர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. தொலைத்தொடர்பு வந்தால் பயணம் குறையுமா என்ற கேள்வியை இலான் சலோமன், பட்ரீஷியா மொக்தாரியன் போன்றவர்கள் 1980களிலிருந்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தொடர்பு வசதி ஒரு பயணத்துக்குப் பதிலாக நிற்கலாம், புதிய பயணத்தை உண்டாக்கலாம், பயணத்தின் நேரத்தையோ வழியையோ மாற்றலாம், எதையும் செய்யாமலும் போகலாம். நான்கும் நடக்கும். எது நடக்கிறது என்பது, என் அனுபவத்தில், அந்தச் சேவையின் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடக்கம் இணையத்தில் இருந்து முடிவு கவுண்டரில் இருந்தால் சாலைக்கு ஒரு நன்மையும் இல்லை. தொடக்கம் கொஞ்சம் சிக்கலாக இருந்தாலும் முடிவு வீட்டு வாசலிலோ கைபேசியிலோ வந்து நின்றால் நடை உண்மையிலேயே மறைகிறது.

அப்படி மறைந்ததையும் பார்த்திருக்கிறேன். வாகன வரி, வீட்டு வரி, உரிமப் புதுப்பிப்பு போன்றவற்றில் பணம் கட்டுவதும் ரசீது வருவதும் முழுவதும் இணையத்துக்கு வந்ததும், கடைசி நாள் நெருங்கும் வாரங்களில் அந்த அலுவலக வாசலில் கூடுகிற வண்டிகள் கண்ணெதிரே குறைந்தன. எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டிகள் இல்லை, பேருந்து ஓரமாக வந்து நிற்கிறது, பெரியவர்கள் நடுச்சாலையில் ஏற வேண்டியதில்லை. நகரம் முழுக்க எடுத்துக்கொண்டால் இது சிறிய மாற்றமாகத் தெரியலாம். அந்தத் தெருவில் நடப்பவருக்கு அது பெரியது.

நான் சுமந்து திரிந்த தாள்களை யோசித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி ஓர் அரசு அலுவலகம் தந்ததை இன்னோர் அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவைதான். பிறப்புச் சான்று ஓரிடத்தில், முகவரிச் சான்று வேறிடத்தில், வரி பாக்கி இல்லை என்ற சான்று மூன்றாம் இடத்தில். மூன்றுமே அரசிடம் இருக்கின்ற தகவல்கள். அவற்றுக்கு இடையே தூதுபோவதற்கு ஒரு மனிதனும் ஒரு வண்டியும் ஒரு லிட்டர் பெட்ரோலும். எஸ்டோனியா இந்த இடத்தில்தான் கைவைத்தது. 2001இல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்து துறைகளின் தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பேசும்படி செய்தார்கள். 2002 முதல் மின்னணுக் கையொப்பம் போடக்கூடிய அடையாள அட்டை தந்தார்கள். அரசிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலைக் குடிமக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பதை அங்கே கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அழகான இணையதளத்தைவிட இந்த ஒரு கொள்கை எத்தனையோ வண்டிகளை வீட்டிலேயே நிறுத்தும் என்பது என் உறுதியான எண்ணம். உக்ரைனில் 2020இல் தியா என்ற செயலி வந்தது. அடுத்த ஆண்டே அதில் உள்ள மின்னணுக் கடவுச்சீட்டு தாள் கடவுச்சீட்டுக்குச் சமம் என்று சட்டமாக்கினார்கள். செயலி மட்டும் வந்து, சட்டம் வராமல் போயிருந்தால், திரையில் காட்டினாலும் "அசல் எங்கே" என்ற கேள்வி தொடர்ந்திருக்கும்.

முதியோர் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று தர வேண்டும். மகன் விடுப்பு எடுப்பார், வாடகைக் கார் பிடிப்பார்கள், மாடிப்படி ஏற்றி இறக்க நான் போய் நிற்பேன். "உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு இவ்வளவு பாடா தம்பி" என்று ஒரு தடவை மூச்சு வாங்கியபடி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தியாவில் இதற்காகவே 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற திட்டம் தொடங்கியது. கைரேகை அல்லது கருவிழிப் பதிவின் மூலம் சான்றை மின்னணு முறையில் தரலாம். 2021இல் முக அடையாளம் மூலம் கைபேசியிலேயே தரும் வசதியும் வந்தது. வயதானவர்களின் விரல்ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது சகஜம் என்பதால் இந்த இரண்டாவது வசதிக்கு மதிப்பு அதிகம். ஒரு பயணம் குறைந்தது என்று எண்ணுவதைவிட, படி ஏற முடியாத ஒருவர் ஏறாமல் இருந்தார் என்று எண்ணுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எல்லாச் சேவையும் முழுக்க இணையத்துக்கு வந்துவிடாது, வரவும் தேவையில்லை. கைரேகை எடுப்பது, வண்டி ஓட்டிக் காட்டுவது, சில பதிவுகள் ஆகியவற்றுக்கு ஆள் போகத்தான் வேண்டும். அப்போது அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 1997இல் பொப்பாடெம்பு என்ற பெயரில் பல துறைகளின் சேவைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். முதல் மையம் நகர நடுவில் மெட்ரோ நிலையத்தின் பக்கத்தில். போகிற ஒரே ஒரு நடையும் சாலைக்கு வராமல் தண்டவாளத்தில் போகட்டும் என்றால் இப்படித்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் ஓரத்தில், பேருந்து போகாத இடத்தில் புது அலுவலகம் கட்டினால், இணையத்தில் மிச்சப்படுத்தியதை அங்கே இழந்துவிடுவோம். அந்த மாதிரி கட்டடங்களுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும், நடந்து வந்தவர் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது.

முன்பதிவு முறையும் நல்ல மாற்றம். நேரம் குறித்துக் கொடுத்தால் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து குவிய மாட்டார்கள், நாள் முழுக்கப் பரவுவார்கள். ஆனால் குறித்த நேரத்தை அலுவலகம் மதிக்க வேண்டும். மூன்று மணிக்கு என்று போட்டுவிட்டு, ஆள் வந்த வரிசைப்படி கூப்பிட்டால், அடுத்த வாரமே எல்லோரும் பழையபடி காலையில் வந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். மக்கள் இதை மிக வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது கடினமான கேள்வி. இத்தனை நடை குறைந்தால் நகரத்தில் நெரிசல் குறையுமா?

ஒரு பக்கம் நம்பிக்கை தருகிற கணக்கு ஒன்று உண்டு. சாலை நிரம்பி வழிகிற நிலையில், கொஞ்சம் வண்டி குறைந்தாலும் தாமதம் நிறையக் குறையும். அமெரிக்கப் பொதுச்சாலைத் துறை 1964இல் வெளியிட்ட, இன்றுவரை திட்டமிடுவோர் பயன்படுத்துகிற சூத்திரத்தில், தாமதம் என்பது போக்குவரத்துக்கும் சாலையின் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அதன்படி வண்டிகள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். பள்ளி விடுமுறையில் காலை நேரச் சாலை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், காலியான சாலை காலியாகவே இருப்பதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962இலேயே சொன்ன விஷயம் இது: உச்ச நேரத்தில் சாலையில் கொஞ்சம் இடம் கிடைத்தால், வேறு நேரத்தில் போனவர்களும் வேறு வழியில் போனவர்களும் பேருந்தில் போனவர்களும் வந்து அதை நிரப்பிவிடுவார்கள். பயணத்துக்காக மனிதர்கள் ஒதுக்குகிற நேரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேர அளவிலேயே இருக்கிறது என்று போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸஹாவி 1970களில் எழுதினார். அதன்படி, ஒரு வேலைக்கான பயணம் மிச்சமானால் அந்த நேரம் வேறொரு பயணத்துக்குப் போகக்கூடும். எங்கள் அலுவலகத்திலேயே இது நடந்தது. கவுண்டர் வேலை குறைந்ததும் எங்களால் அதிக வாடிக்கையாளர்களை ஏற்க முடிந்தது, அவர்களைப் பார்க்க நான் வண்டியில் போனேன். அப்புறம் புதிதாக வந்து சேர்ந்தவை: வீட்டுக்கு வருகிற அட்டைகளையும் ஆவணங்களையும் கொண்டுவரும் அஞ்சல் வண்டிகள். ஒரு அஞ்சல் வண்டி பல வீடுகளுக்கு ஒரே சுற்றில் போவதால் அது தனித்தனி நடைகளைவிட நல்லதுதான். ஆள் இல்லை என்று இரண்டாம் முறை வரும்போதுதான் அந்த லாபம் கரைகிறது.

ஆகவே இணையச் சேவை வந்தால் நெரிசல் தானாகத் தீரும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாக அது செய்யக்கூடியது, அலுவலகம் இருக்கும் தெருக்களில் இளைப்பாறுதலும் மக்களின் நேரத்தில் பெரிய மிச்சமும். சாலை முழுவதற்கும் நன்மை வேண்டுமென்றால் காலியான இடத்தைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடே இணையச் சேவையாக வந்த ஊர்களும் உண்டு. சிங்கப்பூர் 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தபோது கண்ணாடியில் ஒட்டிய தாள் அனுமதியைக் காவலர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார்கள். 1998இல் அது மின்னணு முறைக்கு மாறியது, வண்டி நிற்காமல் கடந்து போகலாம். ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நெரிசல் கட்டணம் வைத்தார்கள். கேமரா எண் பலகையைப் படிக்கும், கட்டணத்தைப் பின்னால் கட்டலாம், சாவடி என்று எதுவும் கிடையாது. கட்டணப் பகுதியின் எல்லைக்கோட்டைக் கடந்த வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்ததும் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன, 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானதும் மறுபடி குறைந்தன. கட்டணம் வாங்கச் சாவடி போட்டிருந்தால் அந்தச் சாவடிகளே பெரும் நெரிசலாகியிருக்கும்.

பேருந்து எப்போது வரும் என்று கைபேசியில் தெரிவது, சாலை தோண்டுகிற அனுமதிகள் முன்கூட்டியே பொதுவில் வெளியாவது, நிறுத்துமிடக் கட்டணத்தைச் செயலியில் நீட்டிப்பது போன்றவையும் இதே வகைதான். இவற்றில் பேருந்து நேரம்தான் என் தேர்வு. நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தால் வண்டியை எடுக்காமல் இருக்க மனம் வரும்.

இனி, ஒரு நடையைத் தவிர்க்க நீங்கள் செய்யக்கூடியவை. எல்லாம் என் தினசரி வேலையில் பழகியவை.

விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் அதன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அதாவது, சேவை விளக்கத்தில் "நேரில் வர வேண்டும்", "அசல் சரிபார்ப்பு", "கைரேகை" என்று எங்கேயாவது இருக்கிறதா, முடிவில் ஆவணம் எப்படிக் கைக்கு வரும் என்று பாருங்கள். நேரில் போவது கட்டாயம் என்று தெரிந்துவிட்டால் அந்த ஒரு நடைக்கு மற்றவற்றையும் சேர்த்துத் திட்டமிடலாம். பாதி வழியில் தெரிந்தால் அவசரமாக ஓட வேண்டியிருக்கும், அவசரமாக ஓடுகிறவர் எப்போதும் உச்ச நேரத்தில்தான் ஓடுவார்.

பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கட்டும். நேரில் கூப்பிடப்படுகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான். ஓரிடத்தில் முதலெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் தந்தை பெயர் முழுசாக. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அவசரம் எதுவும் இல்லாத ஒரு காலத்தில் உட்கார்ந்து, அடிப்படை அடையாள ஆவணத்தை முதலில் சரிசெய்து, மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். இது சலிப்பான வேலை. ஆனால் பின்னால் வருகிற எத்தனையோ அலைச்சலுக்கு இதுவே முற்றுப்புள்ளி. அதேபோல் அடையாள ஆவணத்தோடு இணைத்த கைபேசி எண் இப்போது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால் எந்த இணையச் சேவையும் உங்களுக்கு இல்லை.

ஆவணங்களை ஒருமுறை நன்றாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளும் தெரிய, நிழல் விழாமல், எழுத்து படிக்கும்படியாக. கைபேசியில் அவசரமாக எடுத்த மங்கலான படத்தால் நிராகரிக்கப்படுகிற விண்ணப்பங்கள் ஏராளம், நிராகரித்ததும் ஆள் நேராக அலுவலகத்துக்குத்தான் கிளம்புகிறார். தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கிய படி ஒன்றும், முழு அளவில் ஒன்றும் தனித்தனியாக வைத்திருங்கள்.

பணம் கட்டும்போது கணக்கில் கழிந்து, தளத்தில் "தோல்வி" என்று வந்தால் பதறி இரண்டாவது தடவை கட்ட வேண்டாம், அலுவலகத்துக்கும் ஓட வேண்டாம். பரிவர்த்தனை எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் குறித்து, திரையைப் படம் எடுத்து வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துத் தளத்திலேயே நிலையைப் பாருங்கள். பல நேரம் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்ததும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கவுண்டரில் இருப்பவரால் பெரும்பாலும் இதில் எதுவும் செய்ய முடியாது, அவரும் மேலே ஒரு மின்னஞ்சல்தான் அனுப்புவார். கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்குத் தளம் திணறும், திணறினால் தெரு நிரம்பும்.

தேடலில் முதலில் வருகிற தளத்தை நம்பிவிடாதீர்கள். அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் பக்கங்கள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் உங்களையே நேரில் போகச் சொல்லும். முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

நேரில் போகத்தான் வேண்டும் என்றால் பிற்பகல் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள், வாரத்தின் நடு நாளாக இருந்தால் நல்லது. விடுமுறைக்கு அடுத்த நாள் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் வேறு கிளையில் முடிக்க முடியுமா என்று பாருங்கள். பல சேவைகளுக்கு எல்லை வரையறை தளர்ந்திருக்கிறது, பழைய பழக்கத்தில் தூர அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருப்போம். விசாரிக்க மட்டும் போவதை விட்டுவிடுங்கள். தொலைபேசி எடுக்காவிட்டால் மின்னஞ்சல், அதற்கும் பதில் இல்லாவிட்டால் இணையக் குறைதீர்ப்புப் பக்கம். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் வருகிற பதில், பின்னால் கவுண்டரில் காட்டவும் உதவும்.

கைபேசியே பழகாதவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. இணையத்துக்கு மாறியதும் கவுண்டரை மூடிவிட்ட இடங்களில், அவர்கள் உதவி செய்கிறவரைத் தேடி இன்னும் அதிகமாக அலைகிறார்கள். நடந்து போகிற தூரத்தில் ஓர் உதவி மையம் இருந்தால் அந்த அலைச்சல் முழுவதும் நின்றுவிடும். அது வரும்வரை, தெருவில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக உட்கார்ந்து செய்து கொடுக்கலாம். செய்யும்போது அவர்களின் ரகசிய எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், அவர்களையே போடச் சொல்லுங்கள், ஒப்புகைச் சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.

சேவைகளை வடிவமைக்கும் அதிகாரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இத்தனை லட்சம் விண்ணப்பங்கள் இணையத்தில் வந்தன என்று அறிவிக்கிறீர்கள். அதோடு, அவர்களில் எத்தனை பேர் அதற்காக நேரிலும் வந்தார்கள், எத்தனை தடவை வந்தார்கள் என்பதையும் எண்ணி வெளியிடுங்கள். ஒவ்வொரு சேவையின் பக்கத்திலும் மேலேயே ஒரு வரி இருக்கட்டும்: நேரில் வர வேண்டிய தடவை எத்தனை, எதற்காக, எந்த அலுவலகத்துக்கு, அங்கே போகிற பேருந்து எது. அந்த எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருக்கிற சேவைகளை முதலில் எடுத்துச் சரிசெய்யுங்கள்.